ஆழ்கடல் காந்தமானி பிறந்த கதை

ஆழ்கடலில் தாது தேடும் காந்தமானி முதலில் எண்ணெய் தேடத்தான் பிறந்தது.

அதை உருவாக்கிய விக்டர் வாக்கியே, 1907-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிட்ஸ்பர்க்கில் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் வடிவமைத்ததுதான் ஃபிளக்ஸ்கேட் காந்தமானி. எளிதில் காந்தமேறும் இரண்டு உலோகத் துண்டுகள். அவற்றின் மேல் எதிரெதிர்த் திசையில் கம்பிச்சுருள். மாறுமின்னோட்டம் பாயும்போது வெளியே காந்தப்புலம் இல்லாவிட்டால் இரண்டும் சமன்பட்டு நிற்கும். புலம் இருந்தால் சமன் குலையும். எவ்வளவு குலைகிறது என்று பார்த்தால் புலத்தின் வலிமை தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இக்கருவி விமானமேறி நீர்மூழ்கிகளைத் தேடியது. போருக்குப் பின் கடலாய்வாளர்கள் அதை நீண்ட வடத்தில் கட்டி, கப்பலின் இரும்பு அளவைக் கெடுக்காத தூரத்தில் இழுத்துச் சென்றார்கள். 1955-ல் அமெரிக்க மேற்குக் கரைக்கு அப்பால் 'பயனியர்' கப்பல் அப்படி அளந்தபோது, கடலடிப் பாறையில் காந்தம் கூடியும் குறைந்தும் வரிவரியாக ஓடுவது தெரிந்தது. கடலடி மலைத்தொடர்களில் புதிய தரை பிறப்பதால் வரும் வரிகள் இவை என்று 1963-ல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் விளக்கினார்கள். இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்த அளவுகளே அதற்கு ஆதாரம்.

1979-ல் கிழக்குப் பசிபிக்கில் அப்படியொரு மலைத்தொடரில் 'ஆல்வின்' நீர்மூழ்கி, சுமார் 350 பாகை செல்சியஸ் வெந்நீரைக் கக்கும் புகைபோக்கிகளைக் கண்டது. செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து அங்கே படிகின்றன. அதே வெந்நீர் எரிமலைப் பாறையிலுள்ள மேக்னடைட் என்னும் காந்தக் கனிமத்தைச் சிதைத்து, அதன் காந்தத்தைப் போக்கிவிடுகிறது. ஆகவே காந்தம் சட்டென்று குறையும் இடத்தில் தாது இருக்க வாய்ப்புண்டு. புகைபோக்கி அணைந்து, வண்டல் மூடினாலும் அந்தக் குறைவு தங்கிவிடும். வெப்பத்தைத் தேடிப் போகிறவர் தவறவிடும் படிவையும் காந்தமானி காட்டுவது இதனால்தான். ஆனால் சின்னக் குறைவுகள் மேற்பரப்புக்கு எட்டுவதில்லை. தானியங்கி நீர்மூழ்கியில் பொருத்தி, தரையையொட்டி ஓட்டித்தான் அளக்க வேண்டும்.

மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில் தாது தேட, 2016-ல் சர்வதேச கடலடி ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் 2024-ல் அங்கே 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் போக்கி ஒன்றைப் படமெடுத்தன. இயங்கும் போக்கிகளை நம்பி வேறெங்கும் இல்லாத உயிர்கள் வாழ்கின்றன. எது உயிருள்ள போக்கி, எது அணைந்த படிவு என்று தரையைத் தொடாமலே பிரித்தறிய நம்மிடம் கருவிகள் உண்டு. அப்படி முழுதும் பிரித்தறிந்து முடிக்கும்வரை தாது வெட்டும் எந்திரம் கடலில் இறங்கக் கூடாது.