கிளிப்பிள்ளைப் படிப்பு: பெல்லாரி முதல் திருப்பூர் வரை

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரை பனியனைப் பற்றியது அல்ல. பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "என்ன படிச்சே?" என்று கேட்டால் முழிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் துணிக்கும் இந்தப் பிரச்சினைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஏறக்குறைய 200 வருடத் தொடர்பு!

முதலில் ஒரு சின்ன விளக்கம். எழுத்தைக் கூட்டி வாசிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. 1986ல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியறிவால் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1822ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். திருப்பூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே கலெக்டர் ஜான் சல்லிவன் (ஊட்டியை உருவாக்கினாரே, அவரேதான்) 763 பள்ளிகள் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தார். எல்லாம் திண்ணைப் பள்ளிகள். மணலில் எழுதிப் பழகுவது, வாத்தியாருக்குப் பதிலாக சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, செய்யுள்களை மனப்பாடம் செய்வது என்று படிப்பு நடந்தது. இந்த முறையைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில் சோதித்து, 1797ல் அதைப்பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது.

அதே கணக்கெடுப்புக்கு 1823ல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் எழுதிய பதில்தான் நமக்கு முக்கியம். அவர் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். ஒன்று, பிள்ளைகள் ஏராளமான பாட்டுகளை ஒப்பிக்கிறார்கள், ஆனால் அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பாட்டுகளின் மொழி அவர்கள் வீட்டில் பேசும் மொழி இல்லை. இரண்டு, பல பெற்றோர் வறுமையால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வறுமைக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஐரோப்பியத் துணி இறக்குமதியாகி உள்ளூர் பருத்தி நெசவு விழுந்தது. இதைச் சொன்னவர் கம்பெனியின் கலெக்டர் என்பதைக் கவனியுங்கள்.

நெசவு விழுந்ததால் அன்று பிள்ளைகளின் படிப்பு போனது. 1980களிலும் 90களிலும் திருப்பூரில் நடந்தது இதற்குத் தலைகீழ். ஏற்றுமதி ஏறியது, ஆள் தேவைப்பட்டது. தையல்காரருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைக்கும், பிசிறு வெட்டுவதற்கும் சிறுவர் சிறுமியர் போனார்கள். தொழில் விழுந்தாலும் எழுந்தாலும் இழப்பு பிள்ளைக்குத்தான்!

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988ல் மத்திய அரசு தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதன் சிறப்புப் பள்ளிகள் திருப்பூர் பகுதிக்கும் வந்தன. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தயார்படுத்தி வழக்கமான பள்ளியில் சேர்ப்பது இவற்றின் வேலையாக இருந்தது. வயது பத்து, பன்னிரண்டு. ஆனால் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'எந்த வயது' என்று பார்க்காமல் 'எந்தப் படியில் நிற்கிறான்' என்று பார்த்தே ஆக வேண்டிய வகுப்பு அது.

இந்த யோசனை சாதாரணப் பள்ளிக்கும் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான அட்டை முறையை எடுத்துக்கொண்டு, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். 2007 முதல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டையில் அவரவர் படியிலிருந்து அவரவர் வேகத்தில் போவது. கொரோனாவுக்குப் பிறகு 2021ல் இல்லம் தேடிக் கல்வி, 2022ல் எண்ணும் எழுத்தும். இரண்டாவதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தேவையும் பெரிதாகத்தான் இருந்தது. அசர் ஆய்வின்படி தமிழக கிராமப்புறத்தில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2018ல் 40.7 சதவீதம், 2022ல் 25.2 சதவீதம். அந்தச் சோதனை முக்கியமாகப் பார்ப்பதும் சரளமாக வாசிப்பதைத்தான். அதாவது நம் பெருக்கல் கணக்கில் முதல் எண்ணை மட்டும்.

இரண்டாவது எண் திருப்பூரில் எங்கே இடிக்கிறது? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழ் எழுத்தைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் 'வைகறை' என்றால் அதற்கு என்ன தெரியும்? கொங்குத் தமிழ் பேசும் பிள்ளைக்கும் பாடப்புத்தகத் தமிழ் கொஞ்சம் தூரம்தான். வீட்டில் பேசிப் புரியவைக்கலாம் என்றால் அப்பா அம்மா இருவரும் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வருகிறார்கள். கேம்ப்பெல் சொன்ன இரண்டு காரணங்களும் (வீட்டு மொழி, வேலை) வேறு உருவத்தில் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

இதற்கு மருந்து விலை உயர்ந்தது இல்லை. 1984ல் அமெரிக்காவில் பலின்சார், பிரவுன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், வாசிக்கத் தெரிந்தும் புரியாமல் தவித்த ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு பத்தி வாசிப்பது. பிறகு அதைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாத சொல்லைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு மாணவர்களே மாறி மாறி ஆசிரியராவார்கள். மாணவர்களின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது. நம்ம சட்டாம்பிள்ளை முறைதான், ஆனால் ஒப்பிப்பதற்குப் பதில் பேச்சு!

சின்னப் பிள்ளைக்கு நான்கையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். "இப்ப என்ன ஆச்சு? அடுத்து என்ன ஆகும்?" என்ற இரண்டு கேள்வி போதும். அந்தப் பிள்ளை ஒடியாவிலோ இந்தியிலோ கதையைத் திருப்பிச் சொன்னாலும் சரிதான், புரிந்திருக்கிறது என்று அர்த்தம். தமிழ்ச் சொல்லைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மில் பல பேர் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். அடுத்த முறை அவர்கள் சத்தமாக வாசித்து முடித்ததும் "வெரி குட்" சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.