நீதிமன்றம் கலைத்த ஒரு சிறிய கட்சி

செக் நாடு என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு வாங்கும் பாட்டா காலணி அந்த நாட்டில் பிறந்தது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. அப்படியிருக்க, அங்கே நூற்றுக்கு ஒரு வாக்கு வாங்கிய ஒரு குட்டிக் கட்சியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. 'வெறுப்பை விதைக்கும் கட்சியை என்ன செய்வது?' என்ற கேள்விக்கு அந்த நாடு இரண்டு வழிகளில் விடை தேடியது. ஒரு கட்சியை வாக்காளர்கள் முடித்து வைத்தார்கள். இன்னொன்றை நீதிமன்றம் முடித்து வைத்தது.

முதலில் வாக்காளர்கள் முடித்த கதை. 1989ஆம் ஆண்டு நவம்பரில் கம்யூனிச ஆட்சி சரிந்தது. அந்தச் சூட்டோடு, மிரோஸ்லாவ் ஸ்லாடெக் என்பவர் 'குடியரசுக் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கினார். பழைய ஆட்சியில் இவர் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர். பிறர் எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தவர், சுதந்திரம் வந்ததும் வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தார்! ஜெர்மானியர் மீது வெறுப்பு, ரோமா மக்கள் மீது வெறுப்பு, அரசியல்வாதிகள் எல்லாருமே திருடர்கள் என்ற ஏச்சு, இவைதாம் அவருடைய முதலீடு. 1992 தேர்தலில் 14 இடங்கள். 1996இல் நூற்றுக்கு எட்டு வாக்குகள், 200 பேர் கொண்ட அவையில் 18 இடங்கள்.

1998 ஜனவரியில் நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுத்தபோது, வாட்ஸ்லாவ் ஹாவெல் கீழவையில் ஒரு வாக்குகூட மிச்சமில்லாமல் மயிரிழையில் வென்றார். அன்று ஸ்லாடெக் வாக்களிக்க வரவில்லை. வர முடியவில்லை. ஜெர்மானியருக்கு எதிராகப் பகைமையைத் தூண்டினார் என்ற வழக்கில் நீதிமன்றத்துக்கு வராமல் போக்குக் காட்டியதால் அவரைக் காவலில் வைத்திருந்தார்கள். பிறகு அந்த வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1998இல் நடந்த பொதுத் தேர்தலில் அவர் கட்சி நூற்றுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. ஐந்து விழுக்காடு இல்லாவிட்டால் அங்கே நாடாளுமன்றத்தில் இடமில்லை. பதினெட்டும் போயிற்று. கட்சி கடனில் மூழ்கியது.

அந்தக் கட்சியின் செயலாளராக இருந்த தொமாஷ் வந்தாஸ், 2003ஆம் ஆண்டில் 'தொழிலாளர் கட்சி' என்ற புதுக் கடையைத் திறந்தார். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சம்பள உயர்வு கேட்கும் கட்சி அல்ல அது. பல்சக்கரத்துக்குள் எழுத்துகள் பொறித்த அதன் சின்னமே நாஜி காலத்தை நினைவூட்டுவதாக இருந்தது. அதன் ஊர்வலங்களில் நவநாஜி இளைஞர்கள் தாராளமாகக் கலந்துகொண்டார்கள்.

இவர்களுடைய முதல் இலக்கு ரோமா மக்கள். இவர்களைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போன மக்கள் இவர்கள். இன்றும் தங்கள் மொழியில் தண்ணீரைப் 'பானி' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் செக் பகுதியிலிருந்த ரோமா மக்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். போருக்குப் பிறகு முப்பது லட்சம் ஜெர்மானியர் வரை நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். காலியான வட எல்லைப் பகுதியின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆள் வேண்டுமே! ஸ்லோவாக்கியாவிலிருந்து ரோமா குடும்பங்கள் வந்தன. 1989க்குப் பிறகு ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. வேலைக்கு அழைத்து வந்தவர்களை, வேலை போனதும் 'சோம்பேறிகள்' என்று ஏசுவது உலக வழக்கம்தானே.

லிட்வினோவ் நகரத்தின் யானோவ் அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படிப்பட்ட ஓர் இடம். 2008 அக்டோபரில் தொழிலாளர் கட்சியின் 'பாதுகாப்புப் படையினர்' அங்கே ரோந்து வந்தார்கள். அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம், நவம்பர் 17ஆம் தேதி, பல நூறு பேர் கற்களோடும் தீப்பந்துகளோடும் அந்தக் குடியிருப்பை நோக்கிப் புறப்பட்டார்கள். ஏராளமான காவல்துறையினர் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. நவம்பர் 17 என்பது அந்த நாட்டில் விடுதலையைக் கொண்டாடும் நாள். 1939இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடிய நாளும் அதுவே. அன்றைக்குப் பார்த்து இந்தக் கலவரம். அதைவிட என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. குடியிருப்பைச் சேர்ந்த சாதாரண மக்கள் சிலர் அந்தக் கூட்டத்துக்குக் கைதட்டினார்கள்.

அரசாங்கம் கட்சியைக் கலைக்கக் கோரி உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. 2009 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: மனு தள்ளுபடி. கட்சி நல்லது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அரசாங்கம் போதிய ஆதாரம் கொண்டு வரவில்லை என்றது. பலருக்கு ஆத்திரம். ஆனால் இரண்டு தீர்ப்புகளில் நான் பெரிதாக மதிப்பது இந்த முதல் தீர்ப்பைத்தான். ஆளும் தரப்பு கேட்டவுடன் ஒரு கட்சியைக் கலைக்கும் நீதிமன்றம், நாளைக்கு நல்ல கட்சியையும் கலைத்துவிடும் அல்லவா?

அந்த இடைவெளியில் கட்சி வளர்ந்தது. 2009 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 25,368 வாக்குகள், அதாவது 1.07 விழுக்காடு. ஒரு விழுக்காட்டைத் தாண்டியதால் அரசாங்கப் பணமும் கிடைத்தது. கலைக்கப் பார்த்த அரசாங்கமே காசும் கொடுத்தது! அதே தேர்தலில் 'தேசியக் கட்சி' என்ற இன்னொரு சிறிய கட்சி, ரோமா பிரச்சினைக்கு 'இறுதித் தீர்வு' என்று தொலைக்காட்சியில் விளம்பரமே செய்தது. ஹிட்லர் ஆட்சி யூதர்களைக் கொல்லப் பயன்படுத்திய சொல் அது. செக் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் வீட்கோவ் என்ற ஊரில் ஒரு ரோமா வீட்டுக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. இரண்டு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை உடலில் ஏறக்குறைய 80 விழுக்காடு தீக்காயங்களோடு உயிர் பிழைத்தாள். தீ வைத்த நால்வருக்கும் 2010இல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. மூவருக்கு 22 ஆண்டுகள்.

அரசாங்கம் மாறியது. புதிய அரசாங்கம் இந்த முறை வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தது. பேச்சுகள், கட்டுரைகள், நவநாஜிக் குழுக்களோடு உள்ள தொடர்புகள் என ஆதாரங்களைத் தொகுத்து மறுபடியும் மனு போட்டது. 2010 பிப்ரவரி 17இல் நீதிமன்றம் தொழிலாளர் கட்சியைக் கலைத்தது. 1989க்குப் பிறகு கொள்கைக்காகவும் நடத்தைக்காகவும் ஒரு கட்சி கலைக்கப்பட்டது அதுவே முதல் முறை. மே மாத இறுதியில் அரசியல் சட்ட நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

கதை முடிந்ததா? இல்லை. 'சமூக நீதித் தொழிலாளர் கட்சி' என்று ஏற்கெனவே பதிவாகியிருந்த ஒரு கட்சிக்குள் வந்தாஸும் அவருடைய ஆட்களும் குடிபுகுந்தார்கள். அதே மே மாதத் தேர்தலில் 1.14 விழுக்காடு வாங்கினார்கள். செக் மக்களுக்கு இது பழைய அனுபவம். 1933இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த ஜெர்மானியர்களின் நாஜிக் கட்சிக்குத் தடை வந்தபோது, கொன்ராட் ஹென்லைன் வேறு பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். 1935 தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்குகள் வாங்கியது அவருடைய கட்சிதான். மூன்றே ஆண்டுகளில் நாடு துண்டானது. வந்தாஸ் ஹென்லைன் ஆகவில்லை. 2013 தேர்தலில் அவர் கட்சி ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் அதே 2013இல் தொமியோ ஒக்காமுரா என்பவரின் புதிய கட்சி, ஸ்லாடெக் 1992இல் வாங்கிய அதே 14 இடங்களோடு நாடாளுமன்றத்துக்குள் வந்தது. ஒக்காமுரா தோக்கியோவில் பிறந்தவர். தாய் செக் நாட்டவர், தந்தை ஜப்பானிய, கொரிய வம்சாவளி. அந்தக் கட்சி பிளவுபட்ட பிறகு அவர் தொடங்கிய இன்னொரு கட்சி, குடியேறிகளை எதிர்த்துப் பேசியே 2017இல் 22 இடங்கள் பிடித்தது. சீருடை இல்லை, ரோந்து இல்லை, தீப்பந்து இல்லை. எந்த நீதிமன்றமும் அதைக் கலைக்கவில்லை.

2018இல் அவர் லெட்டி முகாமுக்கு வேலியே இருந்ததில்லை என்று பேசினார். கண்டனம் கிளம்பியதும் வேலியைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாஜிகள் காலத்தில் ரோமா குடும்பங்களை அடைத்து வைத்த இடம் லெட்டி. 300 பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். 500க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். கம்யூனிச ஆட்சி 1970களில் அந்த இடத்தில் ஒரு பன்றிப் பண்ணையைக் கட்டியது. அடுத்து வந்த ஜனநாயக அரசாங்கங்களும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதைத் தொடவில்லை. பிறகுதான் அரசு அதை விலைக்கு வாங்கி இடித்தது. நினைவிடம் திறந்தது 2024இல்.