முதற் கட்டளையின் வரலாறு

கணினி எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், மின்சாரம் பாய்ந்த அக்கணத்தில் அஃது ஏதும் அறியாத குழவியையே ஒக்கும். எழுத்தை ஏற்கவும், ஒலியை எழுப்பவும், கோப்பைத் திறக்கவும் அதற்கு வழிகாட்டுவது பணிசெயல் முறைமை எனப்படும் ஆணைத்தொகுதியாகும். ஆயின், அவ்வாணைத்தொகுதியை உள்ளே கொணர்வதற்கும் ஓர் ஆணை வேண்டுமன்றோ? அம்முதல் ஆணையை யார் இடுவது, எங்கிருந்து இடுவது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் பிறந்த விடைகளே, கழற்றி எடுக்கத்தக்க சாதனங்களிலிருந்து பணிசெயல் முறைமையை நிறுவும் முறையின் வரலாறாகும். அவ்வரலாற்றைச் சுருங்க நோக்கி, அதனுள் பொதிந்துள்ள உரிமை வினாவை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1946இல் உலகறிய வெளிப்பட்ட எனியாக் என்னும் கணினிக்குப் புதியதொரு வேலையைக் கற்பிப்பதாயின், மனிதர் கம்பிகளை மாற்றிச் செருகி, ஆளிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. 1952இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 701 என்னும் கணினியில் இதற்கெனவே ஒரு பொத்தான் அமைந்தது. அதனை அழுத்தியதும், துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த உருளையிலிருந்தோ முதற் சொல் உள்ளே படிக்கப்படும். அம்முதற் சொல் அடுத்ததை அழைக்கும். அது மற்றையவற்றை அழைக்கும். தன் சப்பாத்து வாரைத் தானே இழுத்துத் தன்னை மேலே தூக்குபவனைக் குறிக்கும் ஆங்கில வழக்கிலிருந்து, இச்செயலுக்குப் 'பூட்' என்னும் பெயர் வந்தது. எனினும், அக்காலக் கணினிகள் பெருநிறுவனங்களிடமும் அரசாங்கங்களிடமுமே இருந்தமையால், முதற் கட்டளை யாருடையது என்னும் வினா பொதுமக்களிடையே எழவில்லை.

நம் கதையின் முதற் பெருந்திருப்பம் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. 1970இல் வெளிவந்த சிஸ்டம்/370 வரிசையிற் சில கணினிகளின் உள்ளாணைகள், மின்சாரம் நின்றதும் அழிந்துபோகும் நினைவகத்திலே தங்கின. எனவே, பொறியை இயக்குந்தோறும் அவற்றை மீண்டும் ஊட்டுதல் அவசியமாயிற்று. திருத்தங்கள் உண்டானால் அவற்றை வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்பவும் வேண்டும். செலவும் குறைவாக இருத்தல் வேண்டும். இத்தேவையை நிறைவேற்றும் பணி 1967இல் தொடங்கியது. டேவிட் நோபிள் என்பாரின் தலைமையில் அமைந்த குழுவினர் எட்டு அங்குல விட்டமுள்ள பிளொப்பித் தட்டை ஆக்கினர். 1971இல் பயனுக்கு வந்த அத்தட்டில் ஏறத்தாழ 80 கிலோபைற்று அளவே அடங்கும். அதனைப் படிக்கலாமேயன்றி, பயன்படுத்துவோர் அதில் எழுத இயலாது. பிற்காலத்தில் கடிதமும் கணக்கும் சேமிக்கும் பொருளாக உலகம் அறிந்த பிளொப்பி, உண்மையிற் கணினிக்கு முதற் கட்டளை ஊட்டவே பிறந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1974இல் கரி கில்டால் என்பவர் சிறு கணினிகளுக்காக சி.பி.எம். என்னும் பணிசெயல் முறைமையை அமைத்தார். அது பிளொப்பியிலிருந்தே இயங்கியது. 1981 ஓகத்து 12இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, டொஸ் என்னும் முறைமை 160 கிலோபைற்றுத் தட்டொன்றில் அடங்கி வந்தது. பொறியினுள் நிலையாகப் பதிந்திருந்த பயொஸ் என்னும் சிற்றாணைத்தொகுதி, தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுகளை மட்டும் படித்து, அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்துவிடும். தட்டு யாருடையது, அதில் உள்ளது நன்றோ தீதோ என்று அது வினவுவதில்லை. 1983இல் வந்த எக்ஸ்.ரி. கணினியில் 10 மெகாபைற்று வன்தட்டு உள்ளே அமைந்தது. வெளித்தட்டிலிருந்து இயக்குதல் என்ற நிலை மாறி, வெளித்தட்டிலிருந்து உட்தட்டுக்குப் பெயர்த்து நிறுவுதல் என்னும் வழக்கம் தனியாள் கணினியில் அன்றுதான் வேரூன்றியது. வன்தட்டைப் பிரித்தல், அதனைச் சீர்செய்தல், முறைமையைப் படியெடுத்தல் என்னும் மூன்று படிகளும் இன்றளவும் சாரத்தில் மாறாதிருக்கின்றன.

வினவாது திறக்கும் கதவு நண்பருக்கும் திறக்கும், பகைவருக்கும் திறக்கும். 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் உருவான 'பிரெயின்' என்னும் நச்சுநிரல், பிளொப்பியின் அம்முதற் கூற்றிலேயே குடியேறி, தட்டோடு தட்டாக நாடுவிட்டு நாடு சென்றது. முதற் கட்டளையைக் கைப்பற்றியவன் பொறி முழுவதையும் கைப்பற்றினான் என்னும் உண்மையை உலகம் அன்று கண்டுகொண்டது.

இதற்கிடையில் முறைமைகள் பருத்தன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 பதின்மூன்று பிளொப்பிகளை நிரப்பியது. அவற்றுள் ஒன்று பழுதாயினும் வேலை தடைப்படும். அதே ஆண்டில் பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து, இறுவட்டிலிருந்து நேரே கணினியை இயக்குதற்கு 'எல் ரொரிட்டோ' என்னும் நியமத்தை வகுத்தன. அதன் பயனைச் சுதந்திர மென்பொருளாளர் நன்கு கைக்கொண்டனர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பின்லாந்திலிருந்து வெளியிட்ட லினக்ஸைத் தொடக்கத்தில் இரு பிளொப்பிகளால் இயக்கினர். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியரான கிளவுஸ் நொப்பரின் 'நொப்பிக்ஸ்', வன்தட்டைத் தொடாமலே இறுவட்டிலிருந்து முழு முறைமையையும் இயக்கிக்காட்டியது. 2004இல் தோன்றிய உபுண்டு, வேண்டியோருக்கெல்லாம் இறுவட்டுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. 2011 வரை இப்பணி நடைபெற்றது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு மட்டும் தபாலில் அனுப்பிய முதற் கட்டளை, இப்பொழுது கேட்டவர் எவர்க்கும் தபாலில் வந்தது.

2000ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. நினைவுக்கோல் சந்தைக்கு வந்தது. ஐ.பி.எம். விற்ற முதற் கோலின் கொள்ளளவு 8 மெகாபைற்று. இன்று விண்டோஸ் 11ஐ நிறுவுதற்கு 8 கிகாபைற்றுக் கோல் வேண்டும். 1971ஆம் ஆண்டுத் தட்டோடு ஒப்பிடின் இஃது ஓரிலட்சம் மடங்காகும். பயொஸுக்குப் பதிலாக யு.ஈ.எப்.ஐ. என்னும் புது முறையும் பரவியது. அது முதற் கூற்றை வினவாது படிப்பதை விடுத்து, கோலிலுள்ள குறித்த பெயருடைய கோப்பைத் தேடி இயக்குகின்றது. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது 'செக்கியூர் பூட்' என்னும் காவலும் பரவலாயிற்று. அக்காவல், அங்கீகரிக்கப்பட்ட மின்னொப்பம் இல்லாத கட்டளையை உள்ளே விடாது. நச்சுநிரலுக்கு இது தக்க மருந்தே. ஆயின், எவருடைய ஒப்பம் செல்லும் என்பதை யார் தீர்மானிப்பது? மேசைக் கணினிகளில் இக்காவலை உரிமையாளர் நீக்கிக்கொள்ள வழியிருத்தல் வேண்டுமென மைக்ரோசொப்ட் அன்று விதித்தது, ஏ.ஆர்.எம். செயலி கொண்ட விண்டோஸ் 8 கருவிகளிலோ நீக்கவே கூடாதென விதித்தது. ஒரே காவல் ஓரிடத்தில் வீட்டுக்காரன் கைப் பூட்டாகவும், பிறிதோரிடத்தில் அவனையே வெளியே நிறுத்தும் பூட்டாகவும் அமைந்தமை காண்க.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2025 ஒற்றோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள், நல்ல நிலையில் இருந்தும், ஒதுக்கப்படும் நிலையை அடைந்தன. அத்தகைய கணினியொன்றை வைத்திருக்கும் பாடசாலையின் கையில் ஒரு நினைவுக்கோலும், அதில் லினக்ஸும், உள்ளிருக்கும் கோப்புகளுக்கு முன்கூட்டியே எடுத்த ஒரு பிரதியும் இருக்குமாயின், அக்கணினி மேலும் சில ஆண்டுகள் மாணவர்க்குப் பயன்படும். அதற்கு இன்றியமையாத நிபந்தனை, வெளியிலிருந்து வரும் முதற் கட்டளையை ஏற்க அப்பொறி அனுமதிக்கப்பட்டிருத்தலாகும்.

கம்பி, அட்டை, நாடா, தட்டு, இறுவட்டு, கோல் எனச் சாதனங்கள் மாறின. பொறியின் அறியாமையும், அதற்கு முதற் சொல்லைக் கூறுவோனின் அதிகாரமும் மாறவில்லை. கதவுக்குப் பூட்டு வேண்டும் என்பதை லாகூர் நிகழ்ச்சி கற்பித்தது. அப்பூட்டின் திறவுகோல் பொறியை விலைகொடுத்து வாங்கியவனிடமே இருத்தல் வேண்டும் என்பதை அதன் பின் வந்த ஆண்டுகள் கற்பிக்கின்றன. இவ்விரு பாடங்களையும் ஒருங்கே உணர்ந்து நடப்பதே கணினியைக் கருவியாகக் கொள்ளும் சமுதாயத்துக்கு ஏற்ற நெறியாகும்.