கல்பாக்கம்: மின் நிலையத்தின் நிழலில் வளர்ந்த ஆயுத வரலாறு

படாளத்துக்குச் சற்று வடக்கே, மாமண்டூரில் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் ஓடும் பாலாறு, கிழக்கு நோக்கிச் சென்று வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கே, டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் நடத்திய சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி அமைந்துள்ள கல்பாக்கம், செங்கல்பட்டு வட்டாரத்தாருக்கு மின்சாரம் தரும் ஊராகவே அறிமுகமானது. அந்த அறிமுகம் பொய்யன்று. ஆனால், இந்தியாவின் அணு ஆயுதத் திட்டத்தையும் விண்வெளித் திட்டத்தையும் விட்டுவிட்டுக் கல்பாக்கத்தின் வரலாற்றை எழுதினால், அதன் பாதி எழுதப்படாமலே போகும்.

இரு திட்டங்களும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஹோமி பாபா தலைமையில் இயங்கிய அணுசக்தித் துறைதான் 1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவை விக்ரம் சாராபாயின் தலைமையில் அமைத்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. 1966இல் விமான விபத்தில் பாபா இறந்ததும் அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் சாராபாயிடம் வந்துசேர, அணுவும் விண்வெளியும் ஒருவர் கையில் இருந்த அந்த ஐந்தாண்டுகளில் இஸ்ரோ (1969) உருவானது. கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டதும், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டதும் ஒரே ஆண்டில், 1971இல்தான்.

உலக வல்லரசுகளிடம் குண்டு முந்தியது, விண்கலம் பிந்தியது. 1957இல் ஸ்புட்னிக்கைச் சுமந்து சென்ற சோவியத் ராக்கெட், ஹைட்ரஜன் குண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் ராக்கெட் எதிர்த்திசையில் நடந்தது: செயற்கைக்கோள் ஏவுவதற்காக உருவாக்கப்பட்டு 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை வட்டப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி-3இன் முதல் கட்டம், 1989 மே மாதம் சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணையின் முதல் கட்டமாயிற்று. இரண்டுக்கும் பின்னின்றவர் ராமேசுவரத்து அப்துல் கலாம்.

கல்பாக்கத்தின் உலைகளை வடிவமைத்த விதத்திலும் குண்டின் பின்விளைவு தெரிகிறது. டிராம்பேயில் கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட உலையில் கிடைத்த புளூட்டோனியத்தைக் கொண்டு 1974 மே 18 அன்று பொக்ரானில் சோதனை நடத்தப்பட்டதும் கனடா தன் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. அதனால், அணுப்பிளவைத் தூண்டும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பதற்குக் கனநீரைப் பயன்படுத்தும் கல்பாக்கத்தின் முதல் மின் உலையை, இந்தியப் பொறியாளர்களும் தொழிற்சாலைகளுமே முடித்தாக வேண்டியதாயிற்று. 1983 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியது.

இதைவிடக் கடினமான சோதனை ஆராய்ச்சி மையத்துக்குள் நடந்தது. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்காமலேயே இயங்கி, யுரேனியத்திலிருந்து புதிய புளூட்டோனியத்தை ஈனும் உலைக்கு வேக ஈனுலை என்று பெயர். பிரான்சின் ராப்சோடி உலையை மாதிரியாகக் கொண்டு, 1969இல் அந்நாட்டுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கல்பாக்கத்தில் அத்தகைய சோதனை உலை ஒன்று திட்டமிடப்பட்டது. பொக்ரானுக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து கிடைக்காது என்றானது. எரிபொருள் இல்லாத உலையை என்ன செய்வது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்ட விடை, வேறு எந்த நாடும் முழு உலைக்கருவுக்கும் பயன்படுத்தியிராத புளூட்டோனியம்-யுரேனியக் கார்பைடு. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடிய அந்தக் கார்பைடை, மந்த வாயு நிரப்பிய அடைப்புப் பெட்டிகளுக்குள் கையுறைகளின் வழியாகவே கையாள வேண்டும். உலையைக் குளிர்விக்கும் சோடியமோ, 98 பாகை செல்சியசில் உருகுவது, நீரைத் தொட்டால் சீறி எரிவது. இவ்வளவையும் கடந்து 1985 அக்டோபர் 18 அன்று உலை தொடர்வினையை எட்டியது. மறுப்பைத் திறமையால் வென்ற இந்த நிகழ்வுக்குத் தமிழில் உரிய நூல்கள் வராதது பெரும் குறை.

மூன்றாவது அத்தியாயம் பல ஆண்டுகள் மறைவிலேயே இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலை இயக்கும் அளவுக்குச் சிறிதான, செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்கும் உலையின் முன்மாதிரி ஒன்று, கப்பலின் உடற்பகுதியைப் போலவே கட்டப்பட்ட கூட்டுக்குள் கல்பாக்கத்து நிலத்தில் நிறுவப்பட்டது. 2003 நவம்பரில் தொடர்வினையை எட்டி, 2006 செப்டம்பர் முதல் முழுமையாக இயங்கிய அந்த உலை, ஐ.என்.எஸ். அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் கடலில் இறக்கப்பட்டதற்குச் சில நாள் கழித்து, 2009 ஆகஸ்டில்தான் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் கப்பலின் இதயம் தங்கள் ஊரின் அருகே பழக்கப்படுவதைப் புதுப்பட்டினத்து மீனவர் அதுவரை அறியவில்லை.

அவர்கள் அறிந்தது வேறு. கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மின் நிலையம் கடல்நீரை உறிஞ்சுவதையும், சொறி மீன்கள் கூட்டமாக வந்து வடிகட்டிகளை அடைத்துக்கொள்வதையும், பச்சை மட்டிகள் குழாய்களில் ஒட்டிப் பெருகுவதையும் அந்தக் கடல் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அதே வழியில் நீர் ஏறி எக்கிக் கூடத்தை நிறைக்க, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகில் தோண்டப்பட்டிருந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் அடித்தளக் குழி வெள்ளத்தில் மூழ்கியது. ஊழியர் குடியிருப்பிலும் உயிர்கள் போயின.

2006இல் அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக உலைகளைக் குடிமைப் பயன்பாட்டுக்குரியவை, மற்றவை என்று பிரித்தபோது, கல்பாக்கத்தின் மின் உலைகளும் ஈனுலைகளும் பன்னாட்டு ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. எரிசக்திக்கு மட்டுமின்றி நாட்டின் பாதுகாப்புக்காகவும் ஈனுலைகள் தனித்தே இருக்க வேண்டும் என்று அப்போதைய ஆணையத் தலைவர் அனில் ககோட்கர் வெளிப்படையாகவே வாதிட்டார். ஒரே வேலிக்குள் மின்சாரமும் ஆயுதமும் இருப்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

2024 மார்ச் 4 அன்று முன்மாதிரி ஈனுலையின் கருவை நிரப்பும் பணி பிரதமர் முன்னிலையில் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டின் கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்க வழியில்லை. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தகவல் வெளியீட்டைக் கட்டுப்படுத்த அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்திருந்தது. வடிவமைப்பு இரகசியங்களைக் காப்பது நியாயம். ஆனால் நிலம் எடுத்த ஆவணங்கள், இடத்தேர்வுக் குறிப்புகள், முதல் உலையைக் கட்டியவர்களின் பணிக்குறிப்புகள் ஆகியவற்றையாவது ஆவணக் காப்பகத்தில் திறந்துவைக்க வேண்டும். அவற்றை எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.