வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் நிறுவிய 'சர்ச்' (SEARCH) அமைப்பு 1990களில் உருவாக்கிய இம்முறை, பச்சிளங்குழந்தைகளை, அதாவது பிறந்து 28 நாள்களுக்கு உட்பட்டவர்களை, மருத்துவமனை எட்டாத ஊர்களில் வீட்டிலேயே வைத்துக் காப்பதாகும். 39 ஊர்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடுதேடிச் சென்று, குழந்தையை எடைபார்த்து, உடற்சூடு குறையாமல் பேணி, தாய்ப்பாலூட்டத் துணைநின்றதோடு, கிருமித்தொற்று உடலெங்கும் பரவும் 'செப்சிஸ்' நிலைக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் தாமே செலுத்தினர்; மருத்துவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இப்பணியை அப்பெண்களை நம்பி ஒப்படைத்த துணிவே இத்திட்டத்தின் உயிர்நாடி. இத்திட்டம் செயல்படாத ஒப்பீட்டு ஊர்களை நோக்க, பச்சிளங்குழந்தை இறப்பு வீதம் மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு குறைந்ததாகக் காட்டிய ஆய்வு 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இந்திய அரசு 2011இல் 'ஆஷா' எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வழியாக இத்தகைய பராமரிப்பைத் தொடங்கியது.