ஹீம் போன வழி

பேத்தமங்களா ஏரிக்குப் பாலாறு தண்ணீர் தந்தது. ஏரி, கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. ஏரிக்கரையை விட்டுத் தங்கவயல் பக்கம் போனால் வெளிறிய மண்மேடுகள் கண்ணில் படும். பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கறந்துகொண்ட பிறகு மிஞ்சிய சக்கை அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சக்கை அங்கேயே கிடக்கிறது.

உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது சயனைடின் குணம். பாறையில் தங்கத்தைப் பிடிக்கும். உடம்புக்குள் போய்விட்டால் இரும்பைப் பிடிக்கும். எல்லா இரும்பையும் அல்ல, ஹீம் என்ற மூலக்கூறின் நடுவில் இருக்கும் இரும்பை. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்திலும் ஒரு ஹீம் உண்டு. அதைச் சயனைடு பற்றிக்கொண்டால், ரத்தம் நிறைய ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சுமுட்டிச் சாகும். சுரங்கத்தில் வெடி வைத்தபின் தங்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதுவும் ஹீமைத் தேடித்தான் வரும். அது பிடிப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமை.

தங்கவயலிலிருந்து ரயிலேறினால் பெங்களூருக்குப் போய்விடலாம். அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் ஒருவர் ஏறத்தாழ அறுபது ஆண்டு இந்த ஹீமின் பின்னாலேயே போனார். அவர் பெயர் கோவிந்தராஜன் பத்மநாபன். ஆனால் இது அவருடைய வரலாறு என்பதைவிட ஹீமின் வரலாறு என்பதுதான் சரி. அவர் எங்கே போக வேண்டும் என்பதைப் பல சமயம் முடிவு செய்தது அதுதான்.

முதலில் பிறப்பு. நான்கு சிறு வளையங்கள் கைகோத்த ஒரு பெரிய வளையம், நடுவில் ஓர் இரும்பணு: இதுதான் ஹீம். கிளைசின் என்ற மிகச் சாதாரணமான அமினோ அமிலத்தில் வேலை தொடங்குகிறது. எட்டு நொதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றி, கடைசி நொதி இரும்பை நடுவில் பொருத்துகிறது. தொடக்கம் கிளைசின் என்று கண்டுபிடித்த கதை சுவையானது. 1940களின் நடுவில் நியூயார்க்கில் டேவிட் ஷெமின் என்ற வேதியியலாளர், கனமான நைட்ரஜனால் அடையாளமிட்ட கிளைசினை மூன்று நாளில் 66 கிராம் தானே விழுங்கினார். பிறகு தன் ரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் ஹீமில் ஏறியது, மாதக்கணக்கில் அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது. மனிதச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் நான்கு மாதம் என்று உறுதியாகத் தெரியவந்தது அப்படித்தான்.

இறப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முட்டியில் அடிபட்டால் முதலில் கருநீலம், சில நாளில் பச்சை, பிறகு மஞ்சள். ஹீம் உடைந்து பச்சை நிறமியாகி, அது மஞ்சள் நிறமியாகும் வரிசைதான் அது. அதே மஞ்சள் தேங்கினால் காமாலை. இரும்பை மட்டும் உடம்பு வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

உடம்பின் ஹீமில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. கல்லீரல் செய்வது சிறு பங்குதான், ஆனால் மருந்து சாப்பிடும் எவருக்கும் அந்தச் சிறு பங்கு முக்கியம். 1950களின் பிற்பகுதியில், கல்லீரல் செல்லின் சவ்வுகளில் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தியபோது 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் ஒரு நிறமி தென்பட்டது. சுரங்கத்தில் ஆளைக் கொல்லும் வாயு ஆய்வகத்தில் ஆள்காட்டி வேலை பார்த்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஓமுராவும் சாத்தோவும் அது ஹீம் கொண்ட புரதம் என்று காட்டி, பி-450 என்று பெயர் வைத்தார்கள். தற்காலிகமாக வைத்த பெயர், நிலைத்துவிட்டது. மனிதரில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் இருக்கின்றன.

நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தப் புரதங்களின் கையில் போய்த்தான் மாறுகின்றன. எண்ணெய்ப் பசை உள்ள மருந்தின்மேல் ஓர் ஆக்சிஜனை ஒட்டித் தண்ணீரில் கரையும்படி செய்து, சிறுநீரகத்துக்கு வழியனுப்பும் வேலை. வேலை கூடினால் கல்லீரல் ஆள் சேர்க்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் கல்லீரலில் பி-450 பெருகிவிடும். அவரே கருத்தடை மாத்திரையும் சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் கரைந்து போய்விடலாம். மாத்திரை மேல் மாத்திரை எழுதும்போது மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்வது இதனால்தான் அவசியம்.

இனி பத்மநாபன். 1938இல் சென்னையில், பொறியாளர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். பெங்களூரில் பள்ளிப் படிப்பு. பொறியியலில் சேர்ந்து, பிடிக்காமல் வெளியே வந்தார். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் இதற்கு என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல், தில்லியில் மண் வேதியியல், பிறகு பெங்களூரில் பி. எஸ். சர்மாவிடம் முனைவர் பட்டம், 1966. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நியூரோஸ்போரா என்ற பூஞ்சை. அதற்குக் கோபால்ட்டை அதிகமாகக் கொடுத்தால் அது இரும்பில்லாமல் தவிப்பதுபோல நடந்துகொள்கிறது. கேட்டால் இதற்கும் மனித நோய்க்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். அந்தப் பூஞ்சை அவரை இரும்பிடம் கொண்டு போனது; இரும்பு ஹீமிடம்; ஹீம் கல்லீரலிடம்.

எலிக்கு ஃபீனோபார்பிட்டல் என்ற மருந்தைக் கொடுத்தால் கல்லீரலில் பி-450 பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு ஹீம் வெறும் உதிரிப் பாகமா? 1980களில் அவருடைய மாணவர்கள் ஹீம் உற்பத்தியை மறித்துப் பார்த்தார்கள். மறிக்கப் பயன்பட்டவற்றில் ஒன்று அதே கோபால்ட். புரதம் குறைந்தது வியப்பில்லை. மரபணுவிலிருந்து செய்தி நகலெடுப்பதே குறைந்துவிட்டது. வண்டியில் பூட்ட வேண்டிய சக்கரம், வண்டி செய்யும் பட்டறைக்கே உத்தரவு போடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். எல்லா ஆய்வகங்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் எதிர்முடிவுகளும் வந்தன. 1983இல் பத்மநாபனுக்குப் பட்நாகர் விருது வந்தது.

அடுத்த திருப்பம் மலேரியா. அங்கே ஹீம் புதியதல்ல. 1897இல் செகந்தராபாதில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியை அடையாளம் கண்டது ஒரு கருநிறமியைக் கொண்டு. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்று, ஜீரணிக்க முடியாத ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கும் குப்பைதான் அந்தக் கருப்பு. அந்தப் படிகம் கட்டவிடாமல் தடுப்பதே குளோரோகுயின் மருந்தின் வேலை.

ஹீமில் மூழ்கிக் கிடக்கும் ஓர் உயிர், தனக்கென்று ஹீம் செய்யுமா? சோற்றுப் பானைக்குள் இருப்பவன் நெல் குத்துவானா? செய்கிறது என்று 1992இல் நமிதா சுரோலியாவும் பத்மநாபனும் காட்டினார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே இது புதிய மருந்துக்கான இலக்கு என்று அறிவித்தார்கள். 2000இல், ஒட்டுண்ணி அந்த எட்டு நொதிகளில் ஒன்றை நம் சிவப்பணுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று அதே ஆய்வகம் எழுதியது. இடையில் 1994 முதல் 1998 வரை அவர் கழகத்தின் இயக்குநர். அந்தக் கதை வேறு.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் 2013. அவரும் விஸ்வநாதன் அருண் நாகராஜும் மற்றவர்களும், ஹீம் செய்யும் மரபணுக்களையே ஒட்டுண்ணியிலிருந்து நீக்கினார்கள். ரத்தத்தில் அது சாகவில்லை. கொசுவிலும் கல்லீரலிலும்தான் முடங்கியது. நோயாளி காய்ச்சலில் கிடப்பது ரத்தக் கட்டத்தில். அங்கே இந்த இலக்கைச் சுட்டுப் பயனில்லை என்று ஆகிவிட்டது. இருபத்தோரு ஆண்டுக்கு முன் தாங்கள் நட்ட மரத்தைத் தாங்களே வெட்டி, அதையும் அச்சில் போட்டார்கள். விருதுப் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது. இருந்திருக்க வேண்டும்.

நடுவில் மஞ்சளும் வந்தது. ஆர்ட்டிமிசினின் வகை மருந்தை ஒரே ஒரு ஊசி, கூட மஞ்சளிலுள்ள குர்குமின் மூன்று வேளை வாய்வழியே: மலேரியா கண்ட சுண்டெலிகள் பிழைத்தன என்று 2006இல் வெளியிட்டார்கள். இதைப் படித்துவிட்டுக் காய்ச்சலுக்கு மஞ்சள் பாலோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குர்குமினைக் குடலும் கல்லீரலும் வந்த வேகத்தில் மாற்றி வெளியேற்றிவிடும். மிளகிலுள்ள பைப்பரினைக் கூடக் கொடுத்தால் ரத்தத்தில் பல மடங்கு ஏறுகிறது என்று 1998இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் கண்டார்கள். மிளகு அதைச் சாதிப்பது அந்த வெளியேற்றும் வேலையை மறித்து. குர்குமினுக்கு வழிவிடும் மறியல், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைக்கும் வழிவிடும். ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். குப்பியில் விற்கும் மஞ்சள்-மிளகு மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம்.

2022இல் கதை மறுபடி திரும்பியது. ஒட்டுண்ணி தானே செய்யும் ஹீம், அது உயிர்வாழத் தேவையில்லாவிட்டாலும், மூளை மலேரியாவின் கொடுமையைக் கூட்டுகிறது என்று புவனேஸ்வர் உயிர் அறிவியல் நிறுவனத்தில் நாகராஜின் குழுவும் பத்மநாபனும் கண்டார்கள். ஹீம் செய்ய முடியாத ஒட்டுண்ணி தொற்றிய சுண்டெலிகளுக்கு மூளை மலேரியா வரவில்லை. அதே ஹீம் உற்பத்தியைத் தடுக்க அவர்கள் எடுத்தது கிரிசியோஃபல்வின், படர்தாமரைக்கு அறுபது ஆண்டுக்கு மேலாகக் கொடுக்கும் மலிவான மாத்திரை. அது நேராக ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலில் பி-450இன் கையில் சிக்கி, அதன் ஹீமையே சிதைத்து ஒரு துண்டை உண்டாக்கும். அந்தத் துண்டுதான் இரும்பைப் பொருத்தும் கடைசி நொதியை அடைக்கிறது. 1980களில் விட்ட பி-450 இங்கே வந்து நிற்கிறது. மருந்து கொடுத்த சுண்டெலிகள் மூளை மலேரியாவிலிருந்து தப்பின.

சுண்டெலி மனிதனல்ல. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களுக்கு மலேரியாவைத் தொற்றவைத்துக் கிரிசியோஃபல்வின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறையவில்லை. மூளை மலேரியா நோயாளிக்கு, வழக்கமான மருந்தோடு துணையாகக் கொடுத்தால் உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு மருத்துவமனைச் சோதனைதான் பதில் சொல்ல வேண்டும்.

2024இல் முதன்முறையாக வழங்கிய விஞ்ஞான ரத்னா விருது, எண்பத்தாறு வயதில் பத்மநாபனுக்குக் கிடைத்தது. கிரிசியோஃபல்வினை இன்னும் படர்தாமரைக்குத்தான் எழுதித் தருகிறார்கள்.