பனிச்சாலையில் நான்கு சக்கர இயக்க வாகனம்: எந்த டிஃபரன்ஷியல் லாக் ஏற்றது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லவ்லேண்ட் கணவாய்ச் சாலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. குளிர்காலத்தில் இத்தகைய மலைச்சாலைகளில் செல்லும் வாகனமோட்டிகள் சிலர், தங்கள் நான்கு சக்கர இயக்க வாகனத்தில் டிஃபரன்ஷியல் லாக் பொருத்த விரும்புகின்றனர். சேற்றிலும் பாறையிலும் கைகொடுக்கும் அதே லாக், பனிக்கட்டி படிந்த சாலையில் வாகனத்தைப் பள்ளத்தின் பக்கம் இழுத்துவிடவும் கூடும்.

லாக் செய்யும் வேலை

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் வழிசெய்கிறது. ஆனால், ஒரு சக்கரம் பனியில் வழுக்கிச் சுழன்றால், பிடிமானமுள்ள மறு சக்கரத்துக்கும் போதிய விசை கிடைக்காது; வாகனம் நகராது. லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழலும்.

ஆபத்து எங்கே?

வழுக்காமல் உருளும் சக்கரமே வாகனம் பக்கவாட்டில் சறுக்காமல் காக்கிறது. லாக் போட்ட நிலையில் இரு சக்கரங்களும் சேர்ந்து வழுக்கினால் அந்தப் பிடிமானம் போய்விடும். நீர் வடிவதற்காகச் சாலை ஓரமாகச் சரிந்திருப்பதால், வாகனத்தின் பின்பகுதி அந்தப் பக்கமே சறுக்கும். முன்சக்கரங்களுக்கு லாக் போட்டிருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வாகனம் நேராகவே செல்ல முனையும்.

மூன்று வகைகள்

தானியங்கி லாக்: டெட்ராய்ட் லாக்கர் இவ்வகை. ஓட்டுநரால் இதை நிறுத்தி வைக்க முடியாது. நீளம் குறைந்த வாகனங்கள் வளைவில் திடீரெனச் சறுக்க இது காரணமாகலாம்.

விரும்பும்போது மட்டும் போடும் லாக்: காற்றழுத்தத்தில் இயங்கும் ஏஆர்பி ஏர் லாக்கர், மின்சாரத்தில் இயங்கும் ஈட்டன் ஈ-லாக்கர் போன்றவை. சுவிட்சை அணைத்தால் சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும்.

வழுக்கலைக் குறைக்கும் டிஃபரன்ஷியல்: டோர்சன் போன்ற பற்சக்கர வகை, விசையை மெதுவாக மறு சக்கரத்துக்கு மாற்றும். ஒரு சக்கரம் முழுவதுமாகத் தரையைவிட்டு எழும்பினால் இதனால் அதிகப் பயனில்லை.

எதைத் தேர்வு செய்வது?

பனிச்சாலையில் அன்றாடம் ஓட்டுவோருக்கு, பின்சக்கரங்களுக்கு மட்டும் விரும்பும்போது போடும் லாக் பாதுகாப்பானது. வாகனம் பனியில் சிக்கும்போது மட்டும், மெதுவாக, நேராக நகர்த்த அதைப் பயன்படுத்த வேண்டும். வெளியே வந்ததும் அணைத்துவிட வேண்டும். வழுக்கும் சக்கரத்தை மின்னணு முறையில் பிரேக் பிடிக்கும் வசதியுள்ள புதிய வாகனங்களில் பலருக்கு லாக்கே தேவைப்படாது.

எந்த லாக்கும் வாகனம் நகரத்தான் உதவும், நிற்க உதவாது. பனியில் வாகனத்தை நிறுத்துவது டயர்தான். கொலராடோவின் குளிர்கால விதிகளும் நான்கு சக்கர இயக்க வாகனங்களின் டயர் பள்ளம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும் என்கின்றன. எனவே, கையிலுள்ள பணத்தில் முதலில் நல்ல குளிர்கால டயர்களை வாங்குவதே சிறந்தது. லாக் அதற்கு அடுத்ததுதான்.